சூடு தாங்காத கல்

என் மகராசிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை.

போன வாரம் பட்டறைக்கு அளவு கூட்டுவதற்கு ஒரு மோதிரம் வந்தது. அதில் இருந்தது அக்வாமரின், கரையோரக் கடல் தண்ணீரின் நிறத்தில் ஒரு வெளிர்நீலக் கல். பன்னிரண்டு வருடம் வைரத்தோடு பழகிய கை அல்லவா, கல்லைக் கழற்றாமலே நெருப்பைக் காட்டிவிட்டேன். டிக்கென்று ஒரு சத்தம். கல் இரண்டு துண்டு.

"வைரம்னு நெனச்சியா? இது சூடு தாங்காதுய்யா! ஊருக்குக் கெளம்பு!" என்று முதலாளி குதித்தார்.

"தப்பு என்னோடதுதாங்க. வேற கல் குடுங்க, நானே பதிச்சுத் தரேன். அதைப் பாத்துட்டு அனுப்புங்க" என்றேன்.

பதித்துக் கொடுத்தேன். லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "நாளைக்கு நேரத்தோட வா" என்றார். அவ்வளவுதான்.

என் பழைய இடுக்கியை அனுப்பு. இங்கிருப்பது கைக்கு வசப்படவில்லை. உன் பழைய புடவையில் கொஞ்சம் கிழித்து அதைச் சுற்றி அனுப்பு, புதுத்துணி வேண்டாம்.

உடைந்ததில் சின்னத் துண்டைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் பட்டை தீட்டுகிறேன். இரண்டு தடவை கோணிவிட்டது. ஆனாலும் விடுவதாக இல்லை. மணி அடித்துவிட்டது, முதலாளி பார்க்கிறார். என்னை இந்த ஊருக்கு வேலைக்கு அனுப்பி வைக்க மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தாயே, அந்தத் துளை தூர்ந்துவிடாமல் ஓர் ஈர்க்குச்சியாவது செருகி வை.