கோட்டுக்கு வெளியே இருந்த மகள்

சண்டைக்கென்றே பிறந்த என் பத்மா மச்சாளுக்கு,

நீர் கண்ணை மூடி ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது. இங்கே ஓக்லண்டில், த்ரீ கிங்ஸில் எங்கள் வீட்டுக் கூரை அதே மூலையில்தான் இன்னும் ஒழுகுகிறது. உம்முடைய அண்ணன், என்னைக் கட்டின மனுசன், அதே வாளியைத்தான் வைக்கிறார். பக்குரங்காவில் நீர் இருந்த வீட்டுக்கு ஒரு நேர்ஸ் வாடகைக்கு வந்திருக்கிறா. சாடியில் நீர் பொத்திப் பொத்தி வளர்த்த கறிவேப்பிலையைக் களை என்று நினைத்துப் பிடுங்கி எறிந்துவிட்டாவாம். கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல!

செடி போகட்டும். உம்முடைய புத்தகத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தக் கடிதம் தமிழ்ச் சங்கத்துச் சஞ்சிகையில் வரப்போகிறது, அதனால் பலபேர் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். தெரிந்த கதையையே திரும்பச் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதேயும், அவர்களுக்கும் விளங்க வேண்டும் அல்லவா?

காலையில் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படிப்பித்துவிட்டு, பின்னேரமெல்லாம் நூலகத்தில் நீர் கட்டிக்கொண்டு கிடந்தது இரண்டு ஆங்கிலேயரின் கடிதங்களை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த விஞ்ஞானிகள். ஒருவர் லண்டனில் ரசாயனம் செய்தவர், அறிஞர் சபை ஒன்றின் செயலாளர். மற்றவர் ஏதோ ஒரு சின்னப் பட்டணத்தில் தொலைநோக்கி வைத்து வால்வெள்ளி பார்த்தவர். நாங்கள் இருவரும் அவர்களைப் புகைக்காரர், வால்வெள்ளிக்காரர் என்றே கதைத்துப் பழகிவிட்டோம். புகைக்காரரின் சந்ததி ஓக்லண்டுக்குக் கப்பலேறியபோது அவருக்கு வந்த கடிதங்களும், அவர் அனுப்பியவற்றின் நகல்களும் ஒரு பெட்டியில் கூடவே வந்து சேர்ந்தனவாம்.

என்ன மனுசர்கள், மச்சாள்! ஒரே தாளில் ஒரு வாயுவின் எடையும் இருக்கும், வயிற்றுவலிக்கு என்ன குடிக்கலாம் என்ற விசாரணையும் இருக்கும். ஒரு வரியில் உமது கணிப்பு முழுப்பிழை என்று காய்ச்சுவார்கள், அடுத்த வரியில் வீட்டுக்காரியின் சுகம் கேட்பார்கள். எங்களுடைய பெரியப்பாமார் மாதிரியே இருக்கிறார்கள் என்று நீர் விழுந்து விழுந்து சிரிப்பீர். சனிக்கிழமைகளில் நீர் வாசிக்க வாசிக்க நான் டைப் அடிப்பேன். ஊரில் சரித்திரம் படிப்பித்தவளுக்கு, இங்கே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடிக்கிறவளுக்கு, அந்தச் சனிக்கிழமைகள்தான் மூச்சுவிட்ட நாட்கள்.

இந்தக் கடிதங்களில் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் வெளியூர்க்காரர் எழுதி அனுப்பும் கடிதத்தைச் சபையில் எழுந்து நின்று வாசிப்பார்கள். அதற்காகப் புகைக்காரர் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். இந்த இடத்தில் தொடங்கு, இந்த இடத்தில் நிறுத்து என்று. கோட்டுக்கு உள்ளே விஞ்ஞானம், வெளியே வீட்டுக் கதை.

போன மாதம் கிரேம் வந்தார். உம்முடைய கைப்பிரதியைப் பதிப்பிக்கிறேன் என்று வாங்கிப்போன அதே பதிப்பாசிரியர். நல்ல மனுசன்தான், ஆனால் கேட்டது பொல்லாத கேள்வி. புத்தகம் தடித்துப்போயிற்று, பென்சில் கோட்டுக்குள் உள்ளதை மட்டும் போடுவோம், குடும்பக் கதைகளை வெட்டுவோம் என்றார். சம்மதம் இல்லையென்றால் புத்தகமே இல்லை. வெட்டுவதற்கு இது என்ன, வாழைக்காயா?

உம்முடைய அண்ணன் உடனே இணங்கிவிட்டார். "ஓம் எண்டு சொல்லும், ராணி. தங்கச்சியின்ர பேர் ஒரு புத்தகத்தில வந்தால் காணும் எனக்கு."

"உங்களுக்குக் காணும். அவவுக்குக் காணுமோ?" என்று கேட்டேன்.

பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், எங்கள் வீட்டில் அவர் கோப்பையை டொக்கென்று வைத்தார், நானும் டொக்கென்று வைத்தேன்.

அந்தக் கிழமைதான் பல்கலைக்கழகத்தில் உம்மை நினைத்து ஒரு பின்னேரக் கூட்டம் வைத்தார்கள். உம்மோடு படிப்பித்தவர்கள், உம்மிடம் படித்த பிள்ளைகள், கிரேமும் இரண்டாவது வரிசையில். ஒரு கடிதத்தை வாசிக்கச் சொல்லி என்னைக் கேட்டிருந்தார்கள். எதை எடுத்துப் போனேன் என்று உமக்குத் தெரியாமல் இருக்குமா?

வால்வெள்ளிக்காரரின் அந்தக் கடிதம்தான். கோட்டுக்குள் இருந்ததை முதலில் வாசித்தேன். வால்வெள்ளி எந்த வழியால் வந்தது, எந்த வழியால் போகும் என்ற கணக்குகள். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு இருந்தார்கள். கோடு வந்தது. நான் நிறுத்தவில்லை.

கோட்டுக்கு அடுத்த வரியில், இடைவெளிகூட விடாமல், அந்த மனுசன் எழுதியிருப்பது உமக்கு மனப்பாடம். மேலே உள்ள கணக்குகள் எல்லாம் என் மூத்த மகள் செய்தவை, காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது, இனி நான் அனுப்பும் கணக்கில் பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளும். மகளின் பெயரையும் எழுதியிருக்கிறார். அதை நீர் வாசிக்கிற மாதிரியே நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். உம்முடைய குரலில் கேட்டுப் பழகிய வரிகள், நான் என்ன செய்ய?

இந்தக் கடிதம் லண்டனில் என்ன பாடுபட்டது என்பதையும் சொல்லி முடித்தேன். சபை கூடிய அன்று புகைக்காரருக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. வாசிக்கும்படி இன்னொருவரிடம் கொடுத்தார். அந்தப் புண்ணியவான் பென்சில் கோட்டைக் கவனிக்காமல் கடைசி வரிவரைக்கும் உரத்து வாசித்து முடித்துவிட்டார். அடுத்தவர் வீட்டுத் துக்கத்தைச் சபையில் போட்டு உடைத்துவிட்டோமே என்று புகைக்காரருக்கு மானம் போன மாதிரி. மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதற்கு வந்த பதில்தான் பதில். மன்னிப்பு எதற்கு, உங்கள் மண்டப வாசலைக்கூட என் மகள் மிதித்திருக்க முடியாது, அவளுடைய பெயர் அங்கே வேறு எந்த விதத்தில் கேட்டிருக்கும் என்று எழுதியிருந்தார் அந்தத் தகப்பன்.

கிரேம் எழுந்து வந்து, வேண்டுமென்றேதானே நிறுத்தாமல் வாசித்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு வாயில் வந்தது "ஓம்" என்பதுதான். அவருக்கு அது விளங்கிவிட்டது.

மூன்றாம் நாள் அவரே எனக்குப் போன் எடுத்தார். கடிதங்களை முழுதாகவே போடலாம் என்றார். நான் துள்ளிக் குதிக்க முன்னமே அடுத்ததையும் சொன்னார். பக்கம் கூட்ட முடியாது. பத்மாவின் முன்னுரையை எடுக்க வேண்டும். ஒன்றிரண்டு வரியை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அந்த முன்னுரை, மச்சாள்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் வருத்தத்தோடு வருத்தமாகத் திருத்தினீரே. ஊசி போட வந்த பிள்ளையைக்கூட, கொஞ்சம் பொறும், இந்த வசனம் முடியட்டும் என்று நிற்பாட்டி வைத்தீர். கடிதத்துக்குள்ளே வீட்டைத் தேடாதவனுக்கு விஞ்ஞானமும் அரைகுறையாகத்தான் விளங்கும் என்று எவ்வளவு அழகாக எழுதினீர். அதையா வெட்டச் சொல்கிறார்கள்? வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது வெட்கமில்லாமல் அழுதேன்.

உம்முடைய அண்ணன் கொதித்துப்போனார். "விசரே உமக்கு? ஆரோ வெள்ளைக்காரன்ர மகளுக்காக என்ர தங்கச்சியின்ர எழுத்தை வெட்டுறதோ?" நியாயமான கேள்விதான். தன் தங்கச்சி இந்த நாட்டில் விட்டுப்போனது அந்தப் பக்கங்கள்தான் என்று அவர் நினைக்கிறார். அது பொய் என்று நான் எப்படிச் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டு இருக்கும்போது மெல்லக் கேட்டேன். "இஞ்சாருங்கோ, பத்மா இருந்தால் எதை வெட்டச் சொல்லுவா?"

கையில் இருந்த கோப்பையைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். "தன்ரயைத்தான் வெட்டச் சொல்லியிருப்பாள்," என்றார். "அவள் பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூண்டு கால்தானே." சொல்லிவிட்டுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டார். தாய் செத்த வீட்டிலும் அழாத மனுசன்.

நீரே சொல்லும், நாங்கள் செய்வது சரியா? கோபம் என்றால் கனவில் வந்தாவது ஏசிவிட்டுப் போம். நீர் இல்லாத சனிக்கிழமைகளில் டைப் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் வாசித்துச் சொல்ல ஆளில்லை. ஆனாலும் உட்காருகிறேன். அழுதுகொண்டும் டைப் அடிக்கலாம் என்று இந்த வருடம் கற்றுக்கொண்டேன்.

இனி என் வாக்கு. உம்முடைய முன்னுரையை நாளைக்கு நானே வெட்டுவேன். கிரேமின் பேனையும் அதில் படக் கூடாது, வேறு எவருடையதும் படக் கூடாது. வெட்டிய பக்கங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கும். எந்த நாட்டுச் சஞ்சிகை வாங்குமோ அதற்கு அனுப்புவேன், திருப்பி அனுப்பினால் அடுத்ததற்கு அனுப்புவேன். அது அச்சில் வராமல் நான் கண்ணை மூட மாட்டேன், இது சத்தியம்.

புத்தகத்தில் முதல் பக்கத்தில் நீர் எழுதிய ஒரேயொரு வசனத்தை மட்டும் வெட்டாமல் விடப்போகிறேன், கீழே உம்முடைய பெயரோடு. எதை என்று யோசித்து நித்திரை கெட்டது வீண், அது முன்னுரையின் கடைசியில் தானாகவே காத்துக்கொண்டு இருந்தது. "இந்தப் புத்தகத்தில் எந்தக் கடிதமும் வெட்டப்படவில்லை." நீர் அதை எழுதிய நாளில் அது வெறும் ஆசை, மச்சாள். இப்போது அது உண்மை.

உம்முடைய அண்ணனைக் கட்டுவதற்கு முன்னமே உமக்குச் சொந்தமாகிவிட்ட,
மச்சாள் ராணி