டவுன் ஹாலுக்கு இரண்டாவது சாட்சி

3 மார்ச் 2025
டவுன் ஹாலை இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் இடம் கட்டப் போகிறார்களாம். வேண்டாம் என்பவர்கள் அதன் வரலாற்றை எழுதித் தரலாம் என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. கெடா மாநிலமே என்னைத்தான் நம்பியிருக்கும்.

5 மார்ச்
பன்னிரண்டு பக்கம் எழுதினேன். 1952 திறப்பு விழாவுக்கு ஏழு யானைகள். ஏழாவது, மேடையை உடைத்துக்கொண்டு விழுந்தது. நான் பிறக்கவே இன்னும் பதிமூன்று வருடம் இருந்தது. அதனாலென்ன, 'கண்ணால் கண்டேன், சத்தியம். காளிதாசன்' என்று கையெழுத்துப் போட்டேன்.

மனைவி காஞ்சனா படித்துவிட்டு, "யானை எப்படிங்க வாசல்ல நுழைஞ்சுச்சு?" என்றாள்.

"குனிஞ்சுதான்."

வரலாற்று உணர்வே இல்லாத குடும்பம்.

6 மார்ச்
கொடுத்தாச்சு.

11 மார்ச்
பாக்கார் ஆராங்கிலிருந்து பிச்சையம்மாள் அக்கா வந்தார். எங்கள் பழைய எஸ்டேட்டில் இருந்தவர். 1979இல் முதலாளி எஸ்டேட்டை விற்று, எங்கள் லய வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது, நாற்பது குடும்பமும் மூன்று வாரம் அந்த ஹாலில்தான் படுத்தோம். எனக்குப் பதினாலு வயது. வேலை கிடையாது, வெட்ட ரப்பர் மரம் கிடையாது. ஆனாலும் விடிவதற்கு முன் எங்களை மேய்த்த மண்டோர் பரஞ்சோதி மேடையில் ஏறி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பேர் கூப்பிடுவார். எல்லாரும் வரிசையில் நின்று "இருக்கேன்" என்பார்கள். ஒருநாள்கூடத் தவறவில்லை.

அக்கா இதை மகளிடம் சொல்லி ஃபாரத்தில் எழுத வைத்திருக்கிறார்.

"நேர்ல பாத்த இன்னொருத்தர் கையெழுத்து வேணுமாம். இந்தப் பக்கம் நீ ஒருத்தன்தான் தம்பி மிச்சம்."

போட்டேன். நான் ஏன் இதை எழுதவில்லை? இதில் யானை இல்லை என்றா?

18 மார்ச்
அதிகாரி சைபுல் எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். மரியாதையான ஆள். மேசையில் இரண்டு ஃபாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அங்கிள், யானை விழுந்ததுக்கும் நீங்கதான் சாட்சி, இதுக்கும் நீங்கதான் சாட்சி. மேல நான் என்னன்னு அனுப்புறது?"

"அது சும்மா எழுதினது. இது நிஜம்லா."

"அதுலயும் சத்தியம்னுதானே போட்டிருக்கீங்க? உங்க ஐசியில பொறந்த வருஷத்தப் பார்த்தா, அப்ப நீங்க பொறக்கவே இல்ல."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. திட்டவும் இல்லை. திட்டித் தொலைச்சிருக்கலாம்ல... ஏன்டா காளிதாசா, ஒரே ஒரு தடவ சும்மா இருந்திருக்கக் கூடாதா?

2 ஏப்ரல்
நகராட்சி எங்கள் ஃபாரம் இரண்டையும் ஏற்கவில்லை. நம்பத்தகுந்த சாட்சி போதாதாம்.

9 ஜூன்
இடித்து முடித்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். கல் அள்ளும் லாரிக்காரர், கூலிம் ஊர்க்காரர், தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார்:

"இங்க முன்னாடி என்னண்ணே இருந்துச்சு?"

"ஹால். நாங்க நாற்பது குடும்பம் மூணு வாரம் இதுக்குள்ள இருந்தோம்."

"நாற்பது குடும்பமா? சும்மா அடிச்சு விடாதீங்கண்ணே."

சிரித்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார்.