என் முகம் இருந்த சுவர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினோரு சுவர். மருந்துக்கடைச் சந்தில் எவனோ ஒரே பெண்ணின் பெயரை எட்டு இடத்தில் எழுதி, எட்டிலும் இதயத்தில் அம்பு விட்டிருந்தான். "பாவம்கா, ஒண்ணையாவது விட்டு வைப்போம்" என்றான் ஒட்டடை. எங்கள் லிஃப்ட் வண்டியை ஓட்டுபவன். ஆளும் அப்படித்தான், நெட்டக் குச்சி. "அவளுக்குப் பிடிச்சிருந்தா முதல் அம்புலயே பதில் வந்திருக்கும்டா" என்று எட்டையும் அடித்தேன். சுவரில் கண்டதையும் பூசி மறைப்பதுதான் எங்களுக்கு மாநகராட்சி கொடுத்திருக்கும் வேலை.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். அவனைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்கிறார்களாம். நாளை மறுநாள் வருகிறான். நாலு மாடி உயரத்துக்குச் சுவரில் படம் வரைகிறவன். எத்தனையோ ஊரில் வரைந்துவிட்டான். சொந்த ஊரில் மட்டும் ஒன்றுகூட இல்லை. படமே அதைப் பற்றித்தானாம்.

"வீட்டுக்கு வாடா" என்றேன். "ஓட்டல்ல ரூம் போட்டாச்சுக்கா. பதினொண்ணாம் தேதி டிக்கெட்" என்றான்.

எப்போதும் இப்படித்தான். வருவதைச் சொல்லும்போதே போவதையும் சொல்லிவிடுவான்.

மார்ச் 6, வியாழன்

வந்துவிட்டான். தலையில் முடி பாதிதான் மிச்சம். "மீதியை எந்த ஊர்ச் சுவத்துல ஒட்டிட்டு வந்தே?" என்றேன். சிரித்தான்.

கூட டைரக்டர் பெண் ஒருத்தி, கேமராக்காரர் ஒருவர். அந்தப் பெண் நல்லவள், ஆனால் எதைப் பார்த்தாலும் ஒரு நிமிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கிறாள். பாலத்துக்கு அடியில் நாங்கள் பூசி மறைத்த சாம்பல் சதுரங்களைக் கண்டதும் நின்றுவிட்டாள். ஒன்று வெளுப்பு, ஒன்று பச்சை கலந்தது, ஒன்று சேறு மாதிரி. மிச்சம் மீதி டப்பாவை எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கலக்கினால் வேறு எப்படி வரும்? அவள் முக்கால் மணி நேரம் படம் எடுத்தாள். "ஒவ்வொண்ணும் ஒரு மௌனம் மாதிரி இருக்கு" என்றாள்.

"மௌனம் இல்லம்மா, பெயிண்ட் தீர்ந்துபோச்சு" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

மார்ச் 7, வெள்ளி

இன்று மனது சரியில்லை.

பஸ் பணிமனைப் பின்சுவரில் படப்பிடிப்பு. தம்பி முதன்முதலில் வரைந்த இடம். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், யாரிடமும் கேட்காமல், கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு வரைந்தான். மூன்று மாடி உயரத்துக்கு என் முகம். பல் எல்லாம் தெரியச் சிரிக்கிற முகம். வரைந்துவிட்டு வேலையாக நாலு நாள் வெளியூர் போனான். வந்து பார்த்தால் வெறும் சாம்பல் பூச்சு. அடுத்த வாரமே ஊரை விட்டுப் போய்விட்டான்.

கேமரா முன்னால் அதைச் சொன்னான். சொல்லும்போது குரல் உடைந்தது. "இந்த ஊர் என் அக்கா முகத்தை அழிச்சுது. அந்தக் கையை மட்டும் என்னால மன்னிக்கவே முடியாது."

நான் கேமராவுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். கேமராக்காரர் "அக்கா, நிழல் ஆடுது" என்றார்.

எந்தக் கைடா? இதோ, குடை பிடிச்சுட்டு இருந்துச்சே, இந்தக் கைதான்.

எனக்கு அது வேலையில் நாலாவது நாள். தையல் மெஷின் மிதிக்கிற என் வீட்டுக்காரருக்கு அப்போது காலில் கட்டு, படுக்கை. சூப்பர்வைசர் அந்தச் சுவரைக் காட்டி "ஏறும்மா" என்றார். மேலே போய் என் மூக்குக்கு நேராக நின்றேன். அது நான்தான் என்று அவருக்குத் தெரியவே இல்லை. வேலையை விட்டிருக்கலாமே? விடவில்லை. அடித்துவிட்டேன். தம்பியிடம், ஆபீஸ் பெருக்குகிற வேலை என்று சொல்லிவைத்தேன். ஒரு வருடம் கழித்து, சுவர் வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று கதை விட்டேன்.

டைரக்டர் பெண் திங்கட்கிழமை ஆபீஸில் பழைய ரிஜிஸ்டரைப் பார்க்கப் போகிறாளாம். "அந்த ஆளைக் கண்டுபிடிச்சு கேமரா முன்னாடி உட்கார வைக்கணும். படத்தோட முடிவே அதுதான்."

மார்ச் 8, சனி

ஒட்டடை, அந்தச் சுவரை அடித்த அன்றைக்கும் வண்டியில் இருந்தவன். "தன் மூஞ்சியைத் தானே அழிச்ச ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்திதான்கா" என்று சிரித்தான். "வாயைத் திறந்தா உன் வாயிலயும் ரெண்டு கோட்டிங் அடிப்பேன்" என்றேன். அவன் சொல்லமாட்டான். ரிஜிஸ்டர் சொல்லிவிடும். என் கோணல் கையெழுத்து தம்பிக்குத் தெரியாதா என்ன?

அதில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மதியம் சாப்பிட வந்தான். இரண்டாம் தடவை சோறு போடும்போது, "அந்தச் சுவத்தை அழிச்சது நான்தான்டா" என்றேன். அவன் சிரித்தான். இவரும் சிரித்தார். "உங்கக்கா கொலை பண்ணினேன்னு சொன்னாக்கூட நம்பாதே. உப்பு போடலைங்கறதை மட்டும் நம்பு" என்கிறார்.

இத்தனை வருடம் எல்லாரையும் கிண்டல் செய்ததற்கு நல்ல கூலி. நிஜத்தைச் சொன்னால் வாங்க ஆளில்லை.

மறுபடி சொன்னேன். "அக்கா, இதுல மட்டும் விளையாடாதே" என்றான். முகம் மாறிவிட்டது. அப்புறம்தான் சொன்னேன்: "உச்சி வகிட்டுல பொடி எழுத்தா எழுதியிருந்தியே. 'பொறுத்துக்கோ அக்கா, மூக்கு கோணிப்போச்சு'ன்னு."

கீழே நின்றால் அது தெரியாது. மேலே ஏறியவர்களுக்குத்தான் தெரியும்.

கையில் எடுத்த சோற்றைத் தட்டில் போட்டான். கை கழுவினான். செருப்பு மாட்டினான். இவர் என்னைப் பார்த்தார். இவருக்கும் இன்றுதான் தெரியும்.

மார்ச் 10, திங்கள்

போன் எடுக்கவில்லை. ஒன்பது சுவர். ஒன்றிலும் ஓரம் நேராக வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று அவன் டிக்கெட் நாள். போயிருப்பான் என்றுதான் நினைத்தேன்.

காலை ஏழு மணிக்கு நூலகச் சுவரில் ரோலரை நனைக்கிறேன், பின்னால் வந்து நிற்கிறான். கேமரா இல்லை. ஷேவ் செய்யவில்லை. ஒட்டடை நாசூக்காக வண்டிக்குப் பின்னால் போய் நின்றான். காது மட்டும் இந்தப் பக்கம்.

"எழுதினதைப் படிச்சுட்டுமா அழிச்சே?"

"படிச்சுட்டுத்தான். மூக்கு நிஜமாவே கோணல்டா."

சிரிக்கவில்லை. எனக்கு வாய் இப்படித்தான் போகிறது, என்ன செய்ய.

"எத்தனை கோட்டிங்?"

"மூணு."

"ரெண்டுதானே அடிப்பீங்க?"

"பல்லுக்கு நடுவுல சந்து வெச்சிருந்தியே, அந்தக் கறுப்பு போகவே மாட்டேன்னுச்சு. ரெண்டு கோட்டிங்குக்கு அப்புறமும் என்னைப் பார்த்துச் சிரிச்சுது." அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். ரோலர் என் புடவையில் சொட்டியது.

"ஏன்கா சொல்லல?" என்றான்.

"சொன்னா நீ வரவே மாட்டேன்னு பயந்தேன்."

"சொல்லாததாலதான்கா வந்தாலும் தங்கல. இந்த ஊர் மேல கோபம்னு நினைச்சேன். ஊர்கிட்ட போய் யாரு சண்டை போட முடியும்? அது நீன்னு தெரிஞ்சிருந்தா மறுநாளே வந்து, நாலு கத்து கத்திட்டு, உன் கையாலயே சாப்பிட்டுட்டுப் போயிருப்பேன்."

"இப்போ கத்து" என்றேன்.

கத்தினான். தெருவில் நின்று, நான்கு பேர் பார்க்க. நூலகர் ஜன்னலைத் திறந்து "உஷ்" என்றார். அதற்குத்தான் இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 13, வியாழன்

டைரக்டர் பெண்ணிடம் அவனே சொன்னான். அவள் ரிஜிஸ்டரின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தாள். "அப்போ என் வில்லன்?"

"நான்தான்மா. பவுடர் போட்டுட்டு வரட்டுமா?"

கேமரா முன்னால் இருவரையும் உட்கார வைத்தாள். அந்தக் கையைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று அவனிடம் கேட்டாள். அவன் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நகத்துல பெயிண்ட் போகவே போகாதாக்கா?" என்றான். அந்தப் பெண் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

மார்ச் 15, சனி

ஓட்டலைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். பெட்டியை வைக்க இடமில்லை. இவருடைய தையல் மெஷின் மேல் வைத்தான். இவர் மெஷினை இரண்டு தடவை பார்த்தார்.

மார்ச் 20, வியாழன்

பணிமனைச் சுவரில் வரைய மேலிடம் அனுமதி கொடுத்துவிட்டது. அடிப்பூச்சு எங்கள் குழுதான் அடிக்கவேண்டும் என்று தம்பி எழுதிக் கொடுத்தானாம். என்ன வரையப்போகிறாய் என்றேன். "உன் மூஞ்சி இல்ல, பயப்படாதே" என்றான். அப்புறம் என்ன என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போகட்டும். வெள்ளை அடித்துக் கொடுத்தேன்.

மார்ச் 29, சனி

காலையில் குளியலறைக்கு வரிசை. உள்ளே தம்பி, வாசலில் துண்டோடு இவர், எனக்குப் பின்னால் அடுப்பில் பால். கதவைத் தட்டி "உள்ள என்னடா, அதுலயும் படம் வரையறியா?" என்றேன். "இன்னும் ஒரு கோட்டிங் பாக்கிக்கா" என்று உள்ளிருந்து குரல்.

இவர் மெதுவாக என் காதருகில் கேட்டார்: "உன் தம்பி எப்போ கிளம்பறான்?"

"தெரியலையே" என்றேன். கேட்கவே மறந்துபோய்விட்டேன்.