நான் வாபஸ் வாங்கிய தீர்மானம்

1947 பிப்ரவரி 21, வெள்ளி. சாந்தோம்

தவக்காலத்தின் முதல் வெள்ளி. கறி கூடாது, மத்தியானம் மீன் குழம்பு. சட்டசபையிலிருந்து கடிதம் வந்தது: மீனவர் குப்பத்தைக் காலி செய்யக் கூடாது என்ற என் தீர்மானம் மார்ச் 14 அன்று எடுத்துக்கொள்ளப்படும்.

மெம்பராகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை சபையில் நான் கையைத் தூக்கியதோடு சரி. பதினெட்டு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாய் கோட்டைக்குப் போனதும் பூட்டிக்கொண்டது என்று என் மனைவி கிளாடிஸுக்குக் கேலி. இருக்கட்டும், பதினாலாம் தேதி பார்க்கட்டும்.

மாலை பவுல்சாமி வந்தார். குப்பத்துக்குப் பெரியவர், கட்டுமரக்காரர். கடலோரம் உள்ள நூற்றிருபது குடிசைகளையும் காலி செய்துவிட்டுக் கோட்டூர்ப் பக்கம் போகச் சொல்லி சர்க்கார் நோட்டீஸ். இங்கே அதிகாரிகளுக்குப் பங்களா வரப்போகிறதாம். "கோட்டூர்ல கடல் கீதா வாத்தியாரே?" என்று கேட்டார். என் பேச்சுக்கு இதைவிட நல்ல முதல் வரி கிடைக்காது.

மார்ச் 5, புதன்

கட்சிக் கொறடா வேதாந்தம் தாழ்வாரத்தில் தோளில் கை போட்டார். அவர் கை போட்டால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். "ஓய், பார்லிமெண்டரி செக்ரெட்டரி லிஸ்ட்ல உம்ம பேர் இருக்கு. பேசும், யார் வேண்டாம்னா? நன்னாவே பேசும். கடைசில சர்க்கார் சொல்றது நியாயம்னு வாபஸ் வாங்கிண்டுடும்."

யோசிக்கிறேன் என்றேன். என்னத்தை யோசிப்பது? அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன். பொய் எழுத நாட்குறிப்பு எதற்கு?

மார்ச் 14, வெள்ளி

பேசினேன். இங்கிலீஷில் பத்து நிமிடம். குரல் கணீரென்று வந்தது. எதிர்க்கட்சிக்காரர்கூட மேஜையைத் தட்டினார். இந்நகரின் சுகாதார நலனை முன்னிட்டும், இடம்பெயரும் மக்களின் எதிர்கால மேன்மையை உத்தேசித்தும், தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கொள்ள அனுமதி வேண்டி உட்கார்ந்தேன்.

மேலே கேலரியில் பவுல்சாமியும் மீன்காரி மர்சலினும் இன்னும் இரண்டு பேரும். பாஸ் வாங்கிக் கொடுத்தவனே நான்தான். போன மாசம் கொடுத்தது. திருப்பிக் கேட்க முகமில்லை.

வெளியே வந்தால் கையில் மாலையோடு நிற்கிறார்கள்! ஒரு வார்த்தை புரியவில்லை அவர்களுக்கு. குரலைக் கேட்டார்கள், மேஜை தட்டியதைக் கேட்டார்கள், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்கள். "இன்னா மாதிரி பேசின வாத்தியாரே! அவனுங்க வாயே தொறக்கல" என்றாள் மர்சலின். நான் கழுத்தை நீட்டினேன். ஆமாம், நீட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு ஒரு முழு வஞ்சிரம் வந்தது. கிளாடிஸ் வறுத்தாள். ஜெயித்ததா என்று கேட்டாள். பேசினேன் என்றேன். சாப்பிட்டேன்.

மார்ச் 15, சனி

பேப்பரில் நாலு வரி: தீர்மானம் வாபஸ். முதலில் தோன்றியது என்ன தெரியுமா? நல்லவேளை, குப்பத்தில் யாரும் இங்கிலீஷ் பேப்பர் படிப்பதில்லை. சீ.

மார்ச் 21, வெள்ளி

மறுபடியும் மீன்.

மார்ச் 28, வெள்ளி

இன்று மீனோடு பவுல்சாமியே வந்தார். பேச்சுவாக்கில், ஆட்சேபனை மனு கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். திங்கட்கிழமையோடு கெடு முடிகிறது. அவர் சிரித்தார். அதான் நீயே முடிச்சுட்டியே, இனிமே மனு எதுக்கு என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததால் நூற்றிருபது குடும்பம் மனுக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறது. அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் வாசற்படி இறங்கிப் போகும் வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மீனைத் தொடவில்லை. கிளாடிஸ் என்னையே பார்த்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு வெள்ளி என்னையும் சாப்பிட வச்சீங்களே" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 29, சனி

கோயிலில் பாவங்களைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், சோம்பல் என்று எதையோ சொன்னேன். இது எந்தக் கட்டளையில் சேர்த்தி? பரிகாரமாக மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார் சாமியார். மூன்று!

மார்ச் 30, குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து குருத்தோலையோடு நேரே குப்பத்துக்குப் போனேன். கிளாடிஸும் கூட வந்தாள். வலை காயப்போடும் இடத்தில் எல்லாரும் கூடினார்கள். நான் தீர்மானத்தை வாபஸ் வாங்கிவிட்டேன், நாளைக்குள் மனுப் போடாவிட்டால் இடம் போய்விடும் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. விளையாடாதே என்றார்கள்.

மர்சலின் மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு அங்க பேசினத அப்டியே தமிள்ல சொல்லு" என்றாள்.

சொன்னேன். பதினெட்டு வருஷம் பசங்களை மொழிபெயர்க்கச் சொல்லிப் பிரம்பெடுத்தவன், என் பேச்சை நானே வரி வரியாக மொழிபெயர்த்தேன். சுகாதார நலன் என்று நான் அழகு பண்ணியது, 'உங்களால ஊர் நாறுது' என்று வந்தது. எதிர்கால மேன்மை, 'கடலை விட்டுத் தொலைஞ்சா உருப்படுவீங்க' என்று வந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. "மீதியும் சொல்லு" என்றாள். செக்ரெட்டரி உத்தியோகத்தையும் சொல்லிவிட்டேன்.

யாரும் அடிக்கவில்லை. பவுல்சாமி, தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மனுவை யார் எழுதுவது என்று கேட்டார். அங்கே எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

மார்ச் 31, திங்கள்

காலையிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தேன். தமிழில் எழுதி ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு. நாலு மணிக்குக் கலெக்டர் ஆபீஸில் சேர்த்தோம். ரசீது வாங்கியாயிற்று. விஷயம் அதற்குள் வேதாந்தத்தின் காதுக்குப் போய்விட்டது. லிஸ்டில் என் பேர் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மீன் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேனா? கிளாடிஸ் கத்தரிக்காய் பண்ணினாள்.

ஜூலை 18, வெள்ளி

பவுல்சாமி ஒரு பழுப்பு உறையை நீட்டினார். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான் என் வாசல் ஏறுகிறார். பின்னால் மர்சலின். "இங்கிலீஷ்ல கீது. படி" என்றார். உட்காரவில்லை.

கலெக்டரின் உத்தரவு. வடக்கு வரிசை அறுபது குடிசை இருக்கலாம். தெற்கு வரிசை அறுபதும் போக வேண்டும். காரணம் மூன்றாம் பத்தியில்: இடம்பெயர்வது இம்மக்களின் எதிர்கால மேன்மைக்கே என்று அவர்களுடைய மெம்பரே சட்டசபையில் கூறியுள்ளார். என் வாக்கியம். கமா உட்பட.

அதைத் தாண்டிப் படித்திருக்கலாம், அவர்களுக்குத் தெரிந்திருக்காது. தாண்டவில்லை. தமிழில் சொன்னேன். மர்சலினின் வீடு தெற்கு வரிசையில்.

"முழுசா படிச்சியா?"

"ஒரு வரி விடல."

அவள் என் மேஜைமேல் இருந்த வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினாள். "இதுக்கு மேல யார் கீறாங்களோ அவங்களுக்கு எழுது. மொத வரில ஒன் பேரு, ஒன் பொய்யி. அப்புறமா எங்க பேரு."

எழுதினேன்: சட்டசபை மெம்பர் ச. ராஜநாயகம் ஆகிய நான் 14-3-47 அன்று சபையில் சொன்னது பொய்.

படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.