நீ கை வைத்துப் பார்த்த சுவர்கள்

இந்த ஃபேக்ஸ் எந்திரம் தாளைச் சூடாகத் துப்புகிறது. கூடவே லேசான மருந்து வாடை. முதல் தாளைக் கையில் எடுத்ததுமே உன் ஸ்வெட்டர்தான் ஞாபகத்துக்கு வந்தது. எடுத்த உடனே படம் தரும் நம் கேமராவின் படங்களும் இப்படித்தான் வாடை அடிக்கும். உன் அக்குளிலிருந்து வெளியே வரும்போது இதே சூட்டில்தான் இருக்கும். இங்கே மலைமேல், தானா ராத்தாவில் காலையிலிருந்து மழை. நம் மாடி அறையில் உன் நாற்காலியில் எந்திரம் வந்த அட்டைப்பெட்டியை வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, வேறு இடமில்லை.

ஈப்போவிலிருந்து வந்த விற்பனையாளர் சில நாள் பழகிப் பாருங்கள் என்று விட்டுப்போனார். நாளை வருகிறார். வைத்துக்கொள்கிறேன், இல்லை எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீ போன பிறகு இந்த அறைக்குள் வந்திருக்கும் முதல் எந்திரம் இது. எனக்கு இதன்மேல் ஒரு கோபமும் இல்லை. இதைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, விற்பனையாளரைக் கேள்வியால் துளைத்தெடுக்க நீ இல்லை என்பதுதான் கோபம்.

ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தோம். நீ பிரிஞ்சாங் ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டரானாய். நான் வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்தேன். அதனாலேயே தோட்டத்துக் கணக்குப்பிள்ளையைச் சொல்வதுபோல என்னைக் ‘கிராணி’ என்பாய். இரண்டு பெண்கள் சேர்ந்து வீடும் நிலமும் விற்றுத் தருகிறோம் என்று இந்த அறையைத் திறந்தபோது கடைத்தெருவே சிரித்தது. “சிரிக்கிறவங்கதான் மொதல்ல வீடு கேட்டு வருவாங்க, பாரு லா” என்றாய். சொன்னபடியே வந்தார்கள்.

கேமராவை வாங்கலாமா வேண்டாமா என்று நாம் போட்ட சண்டையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கடைக்காரரிடம் பழகிப் பார்க்க இரவலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு ரிங்லெட்டுக்குப் போனோம். ஏரிக்கு மேலே, மழைக்காலத்தில் சுவர் கசியும் பலகை வீடு ஒன்று நம் கையில் விற்காமலே கிடந்ததல்லவா? அதன் பின்கட்டுச் சிமெண்ட் சுவரைப் படம் எடுத்தாய். பனிமூட்டத்தில் படம் நீலம் பாரித்து வந்தது. “காசுக்குப் பிடிச்ச கேடு” என்றேன் நான். நீ படத்தை ஸ்வெட்டருக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாய்.

“படத்துக்குக் குளிருதுடி. கொஞ்சம் பொறு.”

வெளியே எடுத்தபோது சுவரில் இருந்த ஈரக்கறை அப்படியே இருந்தது, பாசியின் பச்சையோடு. நீ அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாய். “இது பொய் சொல்லல கிராணி. வாங்கிடலாம்” என்றாய். உலகத்தில் எல்லாரும் வீட்டை அழகாகக் காட்டும் கேமராவைத் தேடுவார்கள். அசிங்கத்தைக் காட்டுகிறது என்பதற்காகக் கேமரா வாங்கியவள் நீ ஒருத்திதான்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைப்பாய். வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். உன் அம்மா லயத்து வீட்டின் ஈரச் சுவரில் சாய்ந்தபடி மூச்சு இழைப்போடு உட்கார்ந்திருப்பதை நானும் பார்த்து வளர்ந்தவள்தானே, நான் உன்னைத் தடுத்ததில்லை. “நீ எழுது, நான் தொட்டுப் பாக்குறேன்” என்பாய். அதுதான் நம் வேலைப் பிரிவினை. நான் எழுதினேன், நீ தொட்டாய்.

அதற்குப் பிறகு எத்தனை எந்திரங்கள்! ஜெராக்ஸ் எந்திரத்துக்கு நீ யோசிக்கவே இல்லை. “நிலப் பத்திரத்த நம்மகிட்ட விட்டுட்டுப் போறப்ப அவங்க மூஞ்சியப் பாத்தியா? ஒரு நகல் எடுத்துக்கிட்டு அசல அங்கயே கையில குடுத்துடலாம்” என்றாய். பேஜரை ஒரு சுற்று வண்டியில் கொண்டுபோய், “மலை சிக்னல மறைக்குது, இது டவுன் பொம்மை” என்று திருப்பிக் கொடுத்தாய். நாம் இல்லாதபோது போனை எடுத்துப் பேசும் எந்திரம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நீ ஒத்துக்கொள்ளவே இல்லை.

“லயத்த விட்டுக் கெளம்புன்னு சொல்லிட்டாங்க, எங்க போறதுன்னு தெரியாம ஒருத்தர் போன் பண்றாரு. அவர்கிட்ட மெஷினு, பீப் சத்தம் கேட்டதும் பேசவும்னு சொல்லுமா? நல்லா இருக்கு லா.”

அன்று முழுக்க உன்னோடு பேசாமல் இருந்தேன். சாயங்காலம் நீயே ஒரு கிளாஸ் நுரை பொங்கும் தே தாரிக் வாங்கி வந்து மேசையில் வைத்தாய். அந்தச் சண்டைகூட இப்போது வேண்டும் போலிருக்கிறது. ஒத்துப்போக ஆயிரம் பேர் கிடைப்பார்கள். என்னோடு சண்டை போட்டுவிட்டுத் தே வாங்கி வர யார் இருக்கிறார்கள்?

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்க்க வந்த மத்தியானம், நீ கட்டிலை ஒட்டியிருந்த சுவரில் மெல்லக் கையை நகர்த்தி, உள்ளங்கையை விரித்து வைத்தாய். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய்.

“நல்ல காஞ்ச சுவரு கிராணி. இத முடிச்சிடலாம்.”

நான் சிரித்துவிட்டேன். வாசலுக்கு வந்த பிறகுதான் அழுதேன்.

இப்போது இந்த எந்திரத்தின் கதைக்கு வருகிறேன். ஜொகூரில் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் நேற்றுப் போன் செய்தார். நம் தோட்டத்துப் பிள்ளைதான். அப்பாவுக்கு ஓய்வு வந்துவிட்டது, மாதக் கடைசிக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ரிங்லெட்டில் ஒரு வீடு விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறார். நம் பழைய பலகை வீடல்ல, இது வேறு. “எனக்கு லீவு கெடைக்காதுக்கா. படத்த ஆபீஸ் ஃபேக்ஸுக்கு அனுப்புங்க, பாத்துட்டு உடனே முடிச்சிடுறேன். அம்மாவையும் அப்பாவையும் ரோட்டுல நிக்க வைக்க முடியாதுல்ல?” என்றார்.

இன்று காலை நானே போனேன். புதுப் பெயின்ட் அடித்து வீட்டைப் பளபளவென்று வைத்திருந்தார்கள். படம் எடுத்து, உன்னைப்போலவே அக்குளில் வைத்துச் சூடாக்கினேன். ஜன்னலுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு திட்டு தெரிந்தது. உள்ளங்கையை வைத்தேன். பெயின்டையும் மீறிச் சில்லென்று நனைந்தது.

திரும்பி வந்து படத்தை நகலெடுத்து எந்திரத்தில் ஊட்டினேன். அனுப்புமுன், எதிர்முனையில் எப்படி வரும் என்று பார்க்க இதிலேயே ஒரு பிரதி எடுக்கலாம். எடுத்துப் பார்த்தேன். திட்டைக் காணவில்லை. சுவர் வெள்ளை வெளேரென்று வந்திருந்தது. அந்தத் தாளைப் பார்த்திருந்தால் அவர் இன்றே சரி என்றிருப்பார். உன் பரீட்சையில் எந்திரம் தோற்றுவிட்டது என்று ஒயரைப் பிடுங்கக் கையைக்கூடக் கொண்டுபோய்விட்டேன்.

பிறகு கையை எடுத்துக்கொண்டேன். வேலை நேரத்தில் அவரைப் போனில் பிடிக்க முடியாது. சுவர் ஈரம் என்று ஒரு வரி எழுதலாம். எல்லாச் சுவரும் மழையில் ஈரம்தானே என்று அவர் நினைத்துவிட்டால்? ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, என் இடது கையை அதன்மேல் விரித்து வைத்து, பேனாவால் சுற்றி வரைந்தேன். விரல்களையும் உள்ளங்கையையும் கறுப்பாகத் தீட்டினேன். கீழே எழுதினேன்: “ஜன்னலுக்குக் கீழே கை வைத்தேன். தீட்டிய இடமெல்லாம் நனைந்தது. பெயின்ட் புதுசு, ஈரம் பழசு.” அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பைத்தியம் என்று நினைப்பாரோ என்று கவலையாக இருந்தது. வீடு கைவிட்டுப் போனால் அந்தக் கிழவனும் கிழவியும் எங்கே போவார்கள் என்று அதைவிடக் கவலையாக இருந்தது.

மழை விடும் நேரத்தில் எந்திரம் கிறீச்சிட்டது. தாள் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தது. கைப்பட எழுதியிருந்தார்.

“அம்மாவுக்கு இழைப்பு இருக்கு அக்கா. இந்த வீடு வேணாம். காஞ்ச வீடா பாருங்க. நீங்க கை வச்சு சரின்னு சொன்னா போதும், எனக்குப் படம்கூட வேணாம்.”

நாளை விற்பனையாளர் வந்தால் எந்திரம் இருக்கட்டும் என்று சொல்லப்போகிறேன். உனக்கு ஆட்சேபனை இருக்காது என்று நினைக்கிறேன். அவரை அனுப்பிவிட்டுப் பிரிஞ்சாங்குக்குக் கிளம்ப வேண்டும். அங்கே காலியாக இருக்கும் வீடுகளின் சுவரையெல்லாம் தொட்டுப் பார்த்தாக வேண்டும். எழுதுவதும் நானே, தொடுவதும் நானே என்று ஆகிவிட்டது. தொடும்போது மட்டும் நீ பக்கத்தில் நின்று, சரியாக வைக்கிறேனா என்று பார்ப்பதுபோல இருக்கிறது.

அவர் அனுப்பிய தாளை எடுத்து ஸ்வெட்டருக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டேன். அது சூடாகத்தான் இருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.