ஆறு மேசைகளும் பாப்பாவின் தூக்கமும்

மார்ச் 4

பாப்பா பதினொன்று பத்துக்குத் தூங்கி, சரியாகப் பன்னிரண்டுக்கு எழுந்துவிட்டாள். அதில் அரைமணி நேரம் கணினித் திரையில் ஜன்னல்களை இடம் மாற்றுவதிலேயே போயிற்று. கணினியை இயக்கும் லினக்ஸைப் புதுப்பித்ததிலிருந்து தினமும் இந்தக் கூத்துதான். ஒரே திரைக்குள், மாற்றி மாற்றிப் பார்க்க, ஆறு மேசைகள் வைத்திருக்கிறேன்: சிறுநீரக மருத்துவப் புத்தகம் ஒன்றில், அதன் கடைசியில் வர நான் தயாரிக்கும் சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கம் என்ற பட்டியல்) ஒன்றில், அகராதிகள் ஒன்றில், இப்படி. கணினியை அணைத்துப் போட்டால் பத்தொன்பது ஜன்னல்களும் திரும்ப வருகின்றன. ஆனால் அத்தனையும் முதல் மேசையில் வந்து குவிகின்றன. அணைக்காமலும் முடியாது. மாலையில் இதே கணினியில்தான் என் கணவர் கணக்கு வகுப்பு எடுக்கிறார். என் ஜன்னல்களும் திறந்திருந்தால் அது திணறும்.

புத்தகம் 480 பக்கம். சொற்கள் எடுத்து முடித்தது 140. கெடு 31.

மார்ச் 5

ஒன்பது பக்கம். ஒன்பதே ஒன்பது.

மார்ச் 7

நாத்தனார் வந்திருந்தார். "குழந்த ஸ்கூலுக்குப் போகட்டுமே. வேல எங்க ஓடிப்போகுது?" என்றார்.

ஓடித்தான் போகிறது அக்கா. பிரசவத்துக்கு முன்பு எனக்குப் புத்தகம் கொடுத்த மூன்று பேரில் இரண்டு பேர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். மிச்சம் இந்தப் பதிப்பாசிரியர் அம்மா ஒருவர்தான். இதையும் கோட்டைவிட்டால் — எழுந்து போய் டீ போட்டேன்.

மார்ச் 9

இன்னும் முந்நூறு பக்கம். இந்த வேகத்தில் ஏப்ரல் பாதி ஆகிவிடும். நாளையிலிருந்து சொல்லடைவைத் தொடப் போவதில்லை. முதலில் இந்த ஜன்னல்களுக்கு ஒரு வழி பண்ண வேண்டும்.

மார்ச் 10

இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்த பத்து வரிக் கட்டளை, ஸ்கிரிப்ட் என்கிறார்கள், கிடைத்தது. எந்த ஜன்னல் எந்த மேசைக்கு என்று பட்டியல் கொடுத்தால் அதுவே அனுப்பிவிடுமாம். பட்டியலை நானே எழுதினேன்.

"இருக்கிற வேலைய விட்டுட்டு இது எதுக்கு?" என்று இவர் கேட்கிறார். எதுக்கா? தினம் அரைமணி நேரம் எனக்கு யாரு தருவா? இவரா?

மார்ச் 11

ஒன்றும் நகரவில்லை. ஜன்னல்கள் திறந்து முடிவதற்குள் ஸ்கிரிப்ட் ஓடி முடிந்துவிட்டது. விருந்தாளி வருவதற்குள் பந்தி முடிந்த கதை. ஒவ்வொன்றும் வரும்வரை காத்திரு என்று இரண்டு வரி சேர்த்தேன்.

மார்ச் 12

நகர்ந்தன. ஆனால் எல்லாம் ஒரு மேசை தள்ளி. புத்தகத்தின் இடத்தில் வேறு ஏதோ. ஆறாவதுக்குப் போக வேண்டியவை அசையவே இல்லை. பாப்பா எழுந்து அழுதாள், நானும் சேர்ந்து அழுதேன். மூன்று நாள் வீண். மூணு நாள்!

மார்ச் 13

சோறு ஊட்டும்போது உறைத்தது. நான் மேசைகளை ஒன்றிலிருந்து எண்ணினேன். ஸ்கிரிப்ட் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த இவரிடம் போய்ச் சொன்னேன்.

"என்கிட்ட கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே."

"நீங்கதான் எதுக்குன்னு கேட்டீங்களே."

வாத்தியார் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தார். பட்டியலில் எல்லா எண்ணிலும் ஒன்றைக் குறைத்தேன்.

மார்ச் 14

பதினொன்று ஐந்து. பாப்பா தூங்கினாள். கணினியைப் போட்டேன். ஒவ்வொரு ஜன்னலாகக் கிளம்பித் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தது. பத்தொன்பதும்! நாற்பது விநாடி. கத்த முடியாது, அவள் எழுந்துவிடுவாள். சமையலறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் குதித்தேன். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று?

இருபத்தொரு பக்கம்.

மார்ச் 20

இருபத்து நான்கு. என்னை யாரும் அசைக்க முடியாது.

மார்ச் 29

அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 3

பதிப்பாசிரியர் அம்மா போன் செய்தார். "கெடுவுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுச்சும்மா. அடுத்து இதய மருத்துவம் இருக்கு, ரெண்டு பாகம். எடுத்துக்கிறீங்களா?"

"ஒரு நாளைக்கு அம்பது நிமிஷம்தான் மேடம் கிடைக்கும்."

"அந்த அம்பது நிமிஷத்த எனக்குக் குடுங்க. தேதிய நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். தாராளமாகவே சொன்னேன்.

ஏப்ரல் 8

பாப்பா இன்று தூங்கவே இல்லை. போன மாதமாக இருந்தால் நாள் முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்திருப்பேன். முதல் பாகம் அறுபதாம் பக்கத்தில் நிற்கிறது. கணினியை அணைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வெயில் தாழ நடக்கப் போனேன். நாளைக்கு எல்லாம் அதது இடத்தில் இருக்கும்.