மசியைக் குடோனுக்கு அனுப்ப மாட்டேன்

ஜூன் 9, திங்கள்

போர்வைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் அணைத்துவிடுவேன்.

மசி இன்றும் ஸ்கூட்டர் மேல் பாய்ந்துவிட்டது. பார்சல் கொண்டுவருகிறவரின் ஸ்கூட்டர். நான் கயிற்றை விடவில்லை. அதனால் நானும் கூடவே போனேன், தரையோடு. முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. அவர் வண்டியை ஓரங்கட்டி, "ஏம்மா, உன் நாய்க்கு என் வண்டி பிடிக்கலையா, என் மூஞ்சி பிடிக்கலையா?" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்பாவுக்குத் தெரியக்கூடாது. "இன்னொரு தடவை பாய்ஞ்சுதுன்னா எங்க குடோன்ல கொண்டுபோய்க் கட்டிடுவேன். காவலுக்காவது ஆகும்" என்று போன வாரமே சொல்லிவிட்டார். அவர் சும்மா சொல்கிறவர் இல்லை. ராத்திரி முழுக்க அந்த இரும்புக் குவியலுக்கு நடுவில், தனியாக, மசியா? இடி இடித்தால் என் கட்டிலுக்கு அடியில் நுழைகிற மசியா?

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

பயமாக இருக்கிறது. இருக்கட்டும். மசியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூன் 12, வியாழன்

நடைக்கு அண்ணனும் வந்தான். உதவிக்கு இல்லை, வேடிக்கை பார்க்க. மசி குரைத்ததும் வழக்கம்போல அவசர அவசரமாகப் பிஸ்கட்டை அதன் வாயில் திணித்தேன். "என்னடி இது, குரைக்கிறதுக்குச் சம்பளமா? எனக்கும் குடு, நானும் குரைக்கிறேன்" என்றான். குரைத்தும் காட்டினான், தடியன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மண்டையிலேயே நின்றது. அப்பா காதில் விழுந்துவிடக் கூடாதே என்றுதானே ஒவ்வொரு தடவையும் பிஸ்கட்டால் அதன் வாயை அடைத்தேன்? அது என்ன நினைத்திருக்கும்? ஸ்கூட்டரைப் பார்த்தால் கத்து, பிஸ்கட் வரும். கெட்டிக்கார நாய்! என் பயம்தான் அதற்கு வாத்தியார்.

ஜூன் 13, வெள்ளி

எல்லாம் தலைகீழ். மசி வாயைத் திறப்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பிந்திவிட்டேன். அது குரைத்தது, நான் கொடுக்கவில்லை. 'எங்கே என் பிஸ்கட்?' என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தித் தீர்த்தது. மாடி ஜன்னலில் அப்பா.

"ஞாயித்துக்கிழமை குடோன் வேன் வரும். ஏத்தி விட்டுடறேன்."

"அப்பாகிட்ட வாய் குடுக்காதே கண்ணு. விட்டுடு" என்றாள் அம்மா. எதை விடுறது? ஏன் விடணும்? தப்பு பண்ணது நான். தண்டனை மட்டும் அதுக்கா? முடியாது. முடியவே முடியாது.

ஜூன் 14, சனி

பார்சல் ஆபீசுக்கு எதிர்ப்பக்கம், தள்ளி, மரத்தடியில் நின்றோம். அங்கே ஸ்கூட்டருக்குப் பஞ்சமே இல்லை. வண்டி கண்ணில் பட்டதும் பிஸ்கட். குரைத்தால் ஒன்றும் இல்லை, இன்னும் தள்ளிப் போய் நிற்போம். பல தடவை சொதப்பல். இருட்டுகிற நேரத்தில் ஒரு வண்டி வந்தது. மசி அதைப் பார்த்தது. பிறகு, தானாகவே, என்னைப் பார்த்தது.

ஜூன் 15, ஞாயிறு

வேன் வந்து நின்றது. அப்பா கயிற்றுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக் காயத்தைக் காட்டினேன்.

"ஆமா, விழுந்தேன். மறைச்சேன். அதைக் குரைக்கப் பழக்கினதும் நான்தான். நான்தான் மாத்தணும். நீங்க கூட வந்து பாருங்க. அப்புறம் ஏத்துங்க."

பயம்தான். இருந்தால் என்ன, சொல்லிவிட்டேன்.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு அதே மரத்தடிக்குக் கூட வந்தார். முதல் ஸ்கூட்டர் போயிற்று; மசி என் கையைப் பார்த்தது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதற்குக் குரைத்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனாலும் பாயவில்லை. கயிறு தளர்வாகவே தொங்கியது. அப்பா அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன் வெறுமையாகப் போயிற்று. "இன்னைக்கு மட்டும்தான்" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் அப்பாவே மசியைக் கூட்டிப் போனார். நான் பின்னால் நடந்தேன். பால்காரர் வண்டியைப் பார்த்து அது குரைத்ததும் அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது.

"அப்பா! இப்பக் குடுக்காதீங்க!"

நடுத்தெருவில் கத்தினேன். யாரிடம் கத்தினேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அப்பா பிஸ்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சரிம்மா" என்றார்.